மஞ்சள் பலகைகள் அளக்கும் தூரம்

புறநகர்த் தடம் – 9

திருமுல்லைவாயில் ரயில் நிலையத்தில் தினமும் ஏறி இறங்குகிறவர்களுக்குப் பழகிய பலகை ஒன்றே ஒன்றுதான். மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்தில் தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று ஊர்ப்பெயரைத் தாங்கி நிற்கிற பெயர்ப்பலகை. மாசிலாமணீசுவரரைத் தரிசிக்க வருகிறவர்கள் அதைப் பார்த்து இறங்குகிறார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் அதன் நிழலில் நின்று வண்டிக்குக் காத்திருக்கிறார்கள். பயணிகளுக்கென்று ரயில்வே எழுதிவைத்தது அநேகமாக அத்துடன் முடிந்துவிடுகிறது. பிளாட்பாரம் சரிந்து இறங்கி ஜல்லி தொடங்குகிற இடத்திலிருந்து காண்கிற எழுத்துகளெல்லாம் வேறு ஆட்களுக்கானவை. வண்டி ஓட்டுகிற லோகோ பைலட், மோட்டார்மேன், தடத்தைப் பராமரிக்கிற கேங்மேன், கீமேன் ஆகியோர் படிக்க வேண்டியவை. இந்த வாரம் அவற்றை நாமும் படித்துப் பார்ப்போம்.

இந்தத் தடத்தின் வயது நமக்குத் தெரியும். 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில், இன்றைய அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போனது. அன்று ஒற்றைத் தடம். இன்று திருமுல்லைவாயிலை நான்கு தடங்கள் கடக்கின்றன. புறநகர் மின்சார ரயில் நின்று நின்று போகிறது. கோவைக்கும் பெங்களூருக்கும் மும்பைக்கும் போகிற எக்ஸ்பிரஸ்கள் நிற்காமல் போகின்றன. 2022 நவம்பரிலிருந்து மைசூர் வந்தே பாரத்தும் இந்த வழியே போகிறது.

மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் 30 மீட்டரைத் தாண்டிவிடும். பிரேக் பிடித்தால் நிற்பதற்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேண்டும். சி.டி.எச். ரோட்டில் (சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையில்) பஸ் ஓட்டுகிறவர் பள்ளத்தைக் கண்ணால் பார்த்த பிறகு பிரேக்கை மிதிக்கலாம். ரயில் ஓட்டுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் கண்ணுக்கு ஆபத்து தெரியும்போது காலம் கடந்திருக்கும். அதனால்தான் ரயில் பாதையோரப் பலகைகள் பெரும்பாலும் விஷயம் இருக்கிற இடத்தில் நடப்படுவதில்லை. அதற்கு முன்னால் நடப்படும், அல்லது அதைத் தாண்டி நடப்படும். பலகையில் எழுதியிருப்பது பாதிச் செய்தி. அது நிற்கிற இடம் மீதிச் செய்தி. இந்த மீதியைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

முதலில் மின்கம்பம். சென்ட்ரலுக்கும் திருவள்ளூருக்கும் இடையே இந்தத் தடம் மின்மயமானது 1979-இல். 25,000 வோல்ட் கம்பியைத் தாங்குகிற ஒவ்வொரு கம்பத்திலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று கிலோமீட்டர்; மற்றது அந்தக் கிலோமீட்டருக்குள் அந்தக் கம்பத்தின் வரிசை எண். 18/7 என்றிருந்தால் 18 என்ற கிலோமீட்டர்ப் பகுதியில் 7 என்ற எண்ணுள்ள கம்பம் என்று பொருள். இரட்டைத் தடத்தில் வழக்கமாக ஒரு பக்கம் ஒற்றைப்படை, எதிர்ப்பக்கம் இரட்டைப்படை. இரண்டு கம்பங்களுக்கு நடுவே அதிகபட்ச இடைவெளி 72 மீட்டர். ஆகவே அந்த எண்ணைச் சொன்னால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள பாதையில் ஓர் இடத்தை 72 மீட்டருக்குள் பிடித்துவிடலாம்.

தண்டவாளத்தில் அதிர்வு உணர்ந்த மோட்டார்மேன் தகவல் சொல்வது இந்த எண்ணை வைத்துத்தான். விரிசல் கண்ட கீமேன் சொல்வதும் அதைத்தான். ரயில்வே போலீசின் பதிவேட்டில் 'இன்ன கிலோமீட்டரில் ஆண் சடலம்' என்று ஏறுவதும் அந்தக் கணக்குதான். நம் புறநகரில் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து போன உயிர்களை நினைத்தால் அந்த எண்களைப் பார்க்கவே மனம் கனக்கிறது. உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது யாரேனும் தவறி விழுந்ததையோ, தடத்தில் மரம் சாய்ந்து கிடப்பதையோ பார்த்தால், உடனே அடுத்து வருகிற கம்பத்தின் எண்ணைப் படித்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 139-ஐ அழைத்து, எந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவே, எந்தக் கம்பத்தருகே என்று சொல்லுங்கள். 'அம்பத்தூர் தாண்டி ஒரு வேப்பமரத்துகிட்ட' என்று சொன்னால், விழுந்தவரைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

அடுத்தது, நமக்கெல்லாம் அனுபவமான ஒரு விஷயம். மாலை நேரம், பட்டரவாக்கம் தாண்டி வண்டி நடுவழியில் நிற்கிறது. "ஏம்மா நின்னுடுச்சு?" என்று குழந்தை கேட்கும். "சிக்னல் விழலைடா" என்று அம்மா சொல்வார். ஒரு நிமிடம் கழித்து வண்டி ஒரு நீண்ட விசிலுடன் நகரத் தொடங்கும். எட்டிப் பார்த்தால் சிக்னல் இன்னும் சிவப்பாகவே இருக்கும். சிவப்பைத் தாண்டிப் போகிறாரே என்று பதறுகிறவர்கள் உண்டு. அவர் விதிப்படிதான் போகிறார்.

அந்தச் சிக்னல் கம்பத்தில் விளக்குக்குக் கீழே வெள்ளை வட்டத்தில் கறுப்பாக ஆங்கில 'ஏ' எழுத்து இருக்கும். தானியங்கிச் சிக்னல் என்று அதற்குப் பொருள். அதை எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் போடுவதில்லை. முன்னால் போகிற வண்டியின் சக்கரங்கள் தண்டவாளத்தில் ஓடுகிற மெல்லிய மின்சாரத்தைக் குறுக்கே இணைக்கும்போது, பின்னால் உள்ள சிக்னல் தானாகவே சிவப்பாகிறது. முன் வண்டி விலக விலக அது மஞ்சளாகி, இரட்டை மஞ்சளாகி, பச்சையாகிறது. இப்படித் தானாக இயங்குகிற சிக்னல் பழுதாகி நின்றுவிட்டால் பச்சை காட்ட ஆள் கிடையாது. பின்னால் வருகிற வண்டிகள் எல்லாம் நாள் முழுக்க நிற்க முடியுமா? அதற்காகத்தான் இந்த விதி. 'ஏ' உள்ள சிக்னல் சிவப்பாக இருந்தால் பகலில் ஒரு நிமிடமும் இரவில் இரண்டு நிமிடமும் நின்று, விசில் கொடுத்துவிட்டு மெல்ல நகரலாம். பாதை நன்றாகத் தெரிந்தால் மணிக்கு 15 கிலோமீட்டர். மழையோ பனியோ வளைவோ கண்ணை மறைத்தால் அதைவிடவும் குறைவு.  முன்னால் எதையாவது கண்டால் அதைத் தொடாமல் நிற்கும்படி ஓட்ட வேண்டும். அடுத்த சிக்னலை எட்டும்வரை இந்த நிதானத்தை விடக்கூடாது. தூரத்தில் அது பச்சையாகத் தெரிந்தாலும் கூடாது. இடைப்பட்ட பாதையில் ஒரு வண்டி நிற்கலாம், தண்டவாளம் உடைந்திருக்கலாம். சிவப்புக்கு எது காரணம் என்று அவருக்குத் தெரியாது.

நிலையத்துக்குள் நுழையவும் வெளியேறவும் உள்ள சிக்னல்களில் இந்த 'ஏ' இல்லை. அங்கே சிவப்பு என்றால் சிவப்பு. முறையான அனுமதி கைக்கு வராமல் அங்குலம்கூட நகர முடியாது. ஒரே சிவப்புக்கு இரண்டு அர்த்தம். அந்த இரண்டையும் பிரிப்பது அந்தச் சிறிய வெள்ளை வட்டம் மட்டுமே. நின்ற ரயிலின் முதுகில் இன்னொரு ரயில் மோதினால் என்ன ஆகும் என்பதை, இதே தடம் அரக்கோணத்தைத் தாண்டிப் போகும் சித்தேரியில் 2011 செப்டம்பர் 13-ஆம் தேதி இரவு கண்டோம். நின்றிருந்த பாசஞ்சர் வண்டியின் பின்னால் மெமு ரயில் மோதி உயிர்கள் போயின. நடுவழியில் வண்டி ஊர்ந்து போகும்போது, அலுவலகத்துக்கு நேரமாகிறதே என்று மோட்டார்மேனைத் திட்டத் தோன்றும். அந்த ஊர்தல் நம் முன்னால் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத வண்டிக்காக.

இனி மஞ்சள் பலகைகள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தண்டவாளம் மாற்றுகிறார்கள், அல்லது ஜல்லியைச் சலித்துப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த கையோடு அந்த இடத்தில் முழு வேகத்தில் வண்டி விட முடியாது. புது ஜல்லி இறுகிக் கெட்டிப்படும்வரை வேகத்தைக் குறைத்து ஓட்ட வேண்டும். புறப்படும்போதே ஓட்டுநர் கையில் 'காஷன் ஆர்டர்' என்ற தாள் கொடுத்துவிடுவார்கள். எந்த நிலையங்களுக்கு நடுவே, எந்தக் கிலோமீட்டரிலிருந்து எதுவரை, என்ன வேகம் என்று அதில் இருக்கும். அந்தத் தாளில் உள்ளதைத் தடத்தின் ஓரத்தில் நட்டுவைப்பதுதான் பலகைகளின் வேலை.

முதலில் வருவது எச்சரிக்கைப் பலகை. படுக்கைவாக்கில் மஞ்சளாக இருக்கும். ஒரு முனை மீன்வால் போலப் பிளந்திருக்கும். அகலப்பாதையில் இது அந்த இடத்துக்குக் குறைந்தது 800 மீட்டர் முன்னால் நிற்கும். அதில் எண் எதுவும் இல்லை. வேகத்தைக் குறைக்கத் தொடங்கு என்று மட்டும் அது சொல்கிறது. பிறகு அந்த இடத்துக்கு 30 மீட்டர் முன்பாக முக்கோண மஞ்சள் பலகை. அதில் கறுப்பில் 20, 30 என்று எண் இருக்கும். அதைத் தொடும்போது வண்டி அந்த வேகத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். வேலை நடக்கிற இடத்தில் வண்டி அறவே நின்றுதான் போக வேண்டுமென்றால், சிவப்பும் வெள்ளையும் பட்டையடித்த பலகை ஒன்று தடத்தோரம் நிற்கும். வண்டி நிற்கும். அங்கே காவலுக்கு இருக்கிற கேங்மேன் ஒரு புத்தகத்தை நீட்டுவார். ஓட்டுநர் கையெழுத்துப் போட்டுவிட்டு மெல்ல நகர்த்துவார். அத்தனை பெரிய வண்டி ஒரு கேங்மேனின் புத்தகத்துக்காக நின்று கையெழுத்திட்டுப் போகிறது.

இதெல்லாம் முடிந்தபின் வருகிற பலகைதான் என்னை வியக்க வைப்பது. பலவீனமான இடம் முடிந்துவிட்டது. எஞ்சின் அதைத் தாண்டிவிட்டது. ஓட்டுநருக்கு முன்னால் நல்ல தடம் விரிந்து கிடக்கிறது. அவர் கை வேகத்தைக் கூட்டத் துடிக்கும். கூட்டலாமா? கூடாது. அவர் தாண்டிவிட்டார்; அவருக்குப் பின்னால் கடைசிப் பெட்டி இன்னும் அந்தத் தளர்ந்த ஜல்லியின் மேல்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. 24 மீட்டர் நீளமுள்ள பெட்டிகள் இருபத்திரண்டு என்றால் வண்டியின் வால் அரைக் கிலோமீட்டருக்கும் பின்னால் இருக்கிறது. ஓட்டுநரால் அதைப் பார்க்க முடியாது. அதனால் அந்த இடம் முடிந்து, ஒரு முழு வண்டியின் நீளத்தை அளந்து, அதற்கப்பால் வட்ட வடிவ மஞ்சள் பலகை ஒன்றை நடுகிறார்கள். அதில் ஆங்கிலத்தில் 'டி/பி' என்றிருந்தால் பயணிகள் வண்டிக்கு. 'டி/ஜி' என்றிருந்தால் சரக்கு வண்டிக்கு. எஞ்சின் அந்த வட்டத்தைத் தொட்டால் வால் ஆபத்தைக் கடந்துவிட்டது என்று பொருள். கடைசிப் பெட்டியில் தூங்குகிற பயணியை எஞ்சினில் இருக்கிறவரின் கண்ணுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிற பலகை அது. யாரோ ஒருவர் முதன்முதலில் இதை யோசித்திருக்கிறார். அவரை வணங்கத் தோன்றுகிறது.

இந்தப் பலகைகளில் ஆங்கிலமும் இந்தியும்தான், தமிழ் அபூர்வம். ஆனால் வேகமாகப் போகிற வண்டியிலிருந்து எழுத்தைக் கூட்டிப் படிக்க யாருக்கும் நேரமில்லை. மீன்வால், முக்கோணம், வட்டம் என்ற உருவமே செய்தியைச் சொல்லிவிடுகிறது. இரவில் எச்சரிக்கைப் பலகைக்கு இரண்டு மஞ்சள் விளக்குகள் படுக்கைவாக்கில் எரியும். நிற்கச் சொல்கிற பலகைக்கு அதேபோல் இரண்டு சிவப்பு விளக்குகள்.

பலகை நடுவதற்கு நேரம் இல்லாதபோது? அங்கேதான் கீமேன் வருகிறார். தனக்கென்று ஒதுக்கிய எல்லைக்குள் அவர் தினமும் தண்டவாளத்தோடு நடக்கிறார். கழன்ற கிளிப்பைச் சுத்தியலால் அடித்து ஏற்றுகிறார். போல்ட்டை இறுக்குகிறார். கத்திரி வெயிலில் தண்டவாளம் நீண்டு நெளியப் பார்க்கும். மார்கழி விடியலில் இரும்பு சுருங்கும். பற்றவைத்த இடம் விட்டு, விரிசல் வாய் திறப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். விடியற்காலை, அவர் தனி ஆள், எதிரே உடைந்த தண்டவாளம், எந்த நிமிடமும் வண்டி வரலாம். அவர் செய்ய வேண்டியதை விதி அளந்து வைத்திருக்கிறது. வண்டி வருகிற திசையை நோக்கிச் சிவப்புக் கொடியைக் காட்டியபடி ஓட வேண்டும். 600 மீட்டர் ஓடி, தண்டவாளத்தின் மேல் ஒரு டெட்டனேட்டரைக் கட்ட வேண்டும். மறுபடி ஓடி, உடைந்த இடத்திலிருந்து 1,200 மீட்டரில் மேலும் மூன்றைப் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் கட்ட வேண்டும். தகரக் கச்சையோடு கூடிய தட்டையான சின்ன டப்பா அது. சக்கரம் ஏறினால் குண்டுபோல் வெடிக்கும். கொடியைப் பார்க்காத ஓட்டுநருக்கும் அது கேட்கும். நான் சொன்ன எல்லாக் குறிகளிலும் காதால் படிக்க வேண்டிய குறி இது ஒன்றுதான். 1,200 மீட்டர் என்பது வண்டி நிற்கத் தேவையான தூரம். அந்தத் தூரத்தைத் தன் கால்களால் ஓடிக் கடக்கிறார் ஒரு மனிதர். வில்லிவாக்கம், அண்ணனூர் பக்கம் ரயில்வேக்காரர் குடும்பங்கள் நிறைய. அந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. மற்றவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு தடத்தோரம் ஒதுங்கி நிற்கிறவரை ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறோமே, அவர் இந்த ஓட்டத்துக்குத் தயாராகத்தான் தினமும் வேலைக்கு வருகிறார்.

விசில் பலகை பலருக்கும் தெரிந்தது. மஞ்சள் பலகையில் 'டபிள்யூ' என்ற ஆங்கில எழுத்து. அதன்கீழ் 'எல்' சேர்ந்திருந்தால் லெவல் கிராசிங்குக்காக விசில் கொடு என்று பொருள். கேட்டுக்கு 600 மீட்டர் முன்னால் அது நிற்கும். 110 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி கேட்டை எட்ட இருபது விநாடிகூட ஆகாது. ஆளில்லாத கேட்டுகள் நாடெங்கும் இருந்த காலத்தில், அந்த இருபது விநாடி விசிலை நம்பித்தான் மாட்டுவண்டியும் பள்ளி வேனும் தடத்தைக் கடந்தன. அகலப்பாதையில் ஆளில்லாத கேட்டுகள் 2019 ஜனவரியோடு ஒழிந்தன, நல்ல காரியம். மின்மயமான தடத்தின் கேட்டுகளில் சாலைக்குக் குறுக்கே, 4.67 மீட்டர் உயரத்தில் ஓர் இரும்புச் சட்டம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்கு மேல் சரக்கேற்றிய லாரி கடக்கக்கூடாது. மேலே 25,000 வோல்ட்.

நியூட்ரல் செக்‌ஷன் பலகைகளையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மேல்கம்பிக்கு மின்சாரம் தருகிற துணைமின் நிலையங்கள் மின்வாரியத்தின் வெவ்வேறு ஃபேஸிலிருந்து எடுக்கின்றன. அவை ஒன்றையொன்று தொடாதபடி நடுவே மின்சாரமே இல்லாத ஒரு சிறு துண்டு விட்டிருப்பார்கள். அதற்கு 500 மீட்டரிலும் 250 மீட்டரிலும் முன்னறிவிப்புப் பலகை, பிறகு 'டி.ஜே. ஓப்பன்', தாண்டியதும் 'டி.ஜே. குளோஸ்'. பலகையைப் பார்த்து ஓட்டுநர் டி.ஜே. எனப்படும் எஞ்சினின் சர்க்யூட் பிரேக்கரைத் திறந்து, ஓடிவந்த வேகத்திலேயே அந்தத் துண்டைக் கடந்து, மறுபடி மூடுகிறார். சில வண்டிகளில் மின்விசிறி சற்றே தளர்ந்து மீள்வது அதனால்தான்.

கடைசியாகப் பாலங்கள். நம் பகுதி ஏரிகளின் பகுதி. கொரட்டூர் ஏரி, அம்பத்தூர் ஏரி, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி. மழைநீர் எங்காவது தடத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். ரயில் பாலம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீர் ஓடுகிற திசையைக் காட்டும் அம்புக்குறி பக்கச்சுவரில் இருக்கும். முக்கியமான பாலங்களின் தூண்களில் அதுவரை ஏறிய மிக உயர்ந்த வெள்ளமட்டத்தைக் குறித்திருப்பார்கள். அதோடு அபாய அளவுக் கோடு. அந்தக் கோட்டைத் தண்ணீர் தொட்டால் மழைக்காலக் காவலாளி வண்டியை நிறுத்த வேண்டும். எக்ஸ்பிரஸா, வி.ஐ.பி. வண்டியா என்ற கேள்விக்கே இடமில்லை.

தமிழ்நாட்டில் வெள்ளத்தில் பாலம் போனால் என்ன ஆகும் என்பதை 1956 நவம்பர் 23 விடியற்காலை அரியலூர் காட்டிவிட்டது. மருதையாற்றில் வெள்ளம், பாலம் பலவீனப்பட்டிருந்தது. சென்னையிலிருந்து போன தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். தூணில் தீட்டிய ஒரு கோட்டை எத்தனை மதிக்க வேண்டும் என்பதை அந்த நாளை நினைத்தால் உணரலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்தபோது, பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே உள்ள 14-ஆம் எண் பாலத்தில் நீர்மட்டம் அபாய அளவைத் தாண்டியது. ரயில்வே அந்தப் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தியது. சென்ட்ரலிலிருந்து நம் பக்கம் வர வேண்டிய வண்டிகள் ரத்தாயின. வீடு திரும்ப முடியாமல் நிலையங்களில் காத்துக் கிடந்தவர்களின் கோபத்தில் நியாயம் உண்டு. தண்ணீருக்கும் உணவுக்கும் அவர்களுக்கு இன்னும் நல்ல ஏற்பாடு வேண்டும் என்று நானும் கேட்பேன். ஆனால் அந்தப் பாலத்தில் வண்டியை விடாதது சரியான முடிவு. அந்த மழையில் பேசின் பிரிட்ஜ் பக்கம் தண்ணீர் ஏன் அப்படித் தேங்குகிறது, ஓட்டேரி நல்லாவும் பக்கிங்காம் கால்வாயும் அங்கே என்ன செய்கின்றன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)